முயற்சி போதாது

…இன்னும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்று சொல்வது இது நாலாவது முறையா ஐந்தாவது முறையா, ஷிப்னாவுக்கே மறந்துவிட்டது, திரையில் கோடு விருட்டென்று மேலே ஏறுகிறது, ஏறிய வேகத்தில் இரண்டாவது விநாடியிலேயே அறுந்து விழுகிறது, ஆறு விநாடி வேண்டும், நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து அதை ஆறு விநாடிக்கு விடாமல் ஊதித் தள்ள வேண்டும், இந்த இயந்திரம் கேட்பது அவ்வளவுதான், அதைக்கூடக் கொடுக்க முடியாதா ஒரு ஆளுக்கு… வெளியே வாங்கில் இருபத்தாறு பேர் இருக்கிறார்கள், மணி ஒன்பதே முக்கால், இந்த அம்மா ஒருத்தியிடமே அரை மணி நேரம் போய்விட்டது. பதுளை நகரத்துத் தர்மச் சங்கம் ஒன்று நடத்தும் இந்தச் சின்ன நெஞ்சுநோய் நிலையத்தில் மூச்சுப் பரிசோதனைக்கு இருப்பது அவள் ஒருத்திதான், ஒன்பது வருடமாக, செவ்வாயும் வெள்ளியும், இழுங்க, நல்லா இழுங்க, இப்ப ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்… பகலாகும்போது தொண்டை கட்டிப்போகும். எதிரே முக்காலியில் இருக்கும் ரெங்கம்மா லுணுகலைக்கு மேலே உள்ள தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள், ஐம்பத்து மூன்று வயது, விடிய முன்னமே மகளோடு பஸ் ஏறி வந்திருக்கிறாள், மூக்கில் மாட்டிய கிளிப்போடு ஷிப்னாவைப் பார்க்கிறாள், ஏதோ களவு செய்து பிடிபட்டவளைப் போல. “ஏம்மா விட்டுட்டீங்க? நான் சொல்லச் சொல்ல விட்டுட்டீங்களே.” “முடியலீங்க மிஸ்.” “முடியும். நீங்கதான் செய்யல்ல.” சொன்ன பிறகுதான் குரல் உயர்ந்திருப்பது தெரிந்தது, வாசலில் நின்ற மகள் கலாராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

இந்தக் கோபம் இங்கே பிறந்ததல்ல என்பது ஷிப்னாவுக்குத் தெரியும், வீட்டிலிருந்து கையோடு கொண்டுவந்தது, விடிய சுபஹு தொழுதுவிட்டு அடுப்படிக்கு வந்தால் பின்வாசல் படியில் வாப்பா, விரலிடுக்கில் சிகரெட், அவளைக் கண்டதும் அதை உள்ளங்கைக்குள் மறைத்தார், எழுபது வயது மனிதர், பள்ளிக்கூடப் பொடியனைப் போல… மருந்த இழுத்தீங்களா வாப்பா என்று கேட்டால், எனக்கு ஒண்டும் இல்ல மகள், இது பழைய இருமல், சீமெந்துத் தூசு என்கிறார், முப்பது வருடம் இரும்புக்கடை வைத்திருந்த மனிதர், எல்லாப் பழியும் சீமெந்துக்கு. மருந்து பிரிட்ஜுக்கு மேலே தூசு பிடித்துக் கிடக்கிறது. போன வருடம் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்து நெஞ்சுப் படம் பிடித்தாள், படத்தில் ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போனதும் அந்தச் சந்தோஷத்தில் ஒன்று பற்றவைத்தார். ஊருக்கெல்லாம் ஊதச் சொல்லிக் கொடுக்கிறவளின் வாப்பா ஒரு நாளும் இந்தக் குழாயில் வாய் வைத்ததில்லை, கேட்டால் சிரிப்பார், அந்தச் சிரிப்பு இருமலாகும், இருமலில் கண் கலங்கும், பிறகு என்ன சொல்லி ஏசுவது… ஆனால் அவரை ஏச முடியாததை இந்த அம்மாவிடம் ஏன் ஏசுகிறோம்? சரி, ஏசவில்லை, உரத்துச் சொன்னோம், உரத்துச் சொன்னால்தான் ஊதுவார்கள், பயிற்சியிலேயே அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், உற்சாகப்படுத்துங்கள் என்று.

“கொஞ்சம் ஆறுங்க, தண்ணி குடிங்க” என்று குரலைத் தணித்துக்கொண்டு படிவத்தை இழுத்தாள், எப்படியும் இதை நிரப்ப வேண்டும். புகைப்பழக்கம்… இல்லை. எத்தனை வருடம்… கோடு. ஒரு நாளைக்கு எத்தனை… கோடு. தோட்டத்துப் பெண்கள் எல்லோருக்கும் இதே இல்லை, இதே இரண்டு கோடு, அவர்களைப் பற்றி இந்தப் படிவத்துக்குக் கேட்க வேறொன்றும் கிடையாது. அடுப்பைப் பற்றி ஒரு கேள்வி போட்டால் என்ன என்று சங்கத்துக் கூட்டத்தில் ஒரு தரம் சொன்னாள், நல்ல யோசனை என்று செயலாளர் குறித்துக்கொண்டார், குறித்த தாள் எங்கே போனதோ. “வீட்டுல எதுலம்மா சமைக்கிறீங்க?” “வெறகுதாங்க, கவ்வாத்து வெட்டுன மலையில பொறுக்குறது. கேஸ் அடுப்பும் இருக்குங்க, மருமகன் வாங்கிக் குடுத்தாரு, யாராச்சும் வந்தா டீத்தண்ணி வைக்க.” “பொக போக வழி இருக்கா?” ரெங்கம்மா யோசித்தாள், “கதவு இருக்குங்க” என்றாள். லயத்தில் ஒரே காம்பரா, அந்த ஒற்றை அறைக்குள்ளேயே அடுப்பு, பனிக்காலத்தில் குளிருக்காகக் கதவையும் சாத்திக்கொள்வார்கள், நாற்பது வருடம் குனிந்து குனிந்து ஊதியிருப்பாள், அடுப்பை, ஈர விறகு பற்றும் வரைக்கும்… அப்படியிருந்தும் இந்த வெள்ளைக் குழாயில் ஊதத் தெரியவில்லை என்கிறாள். சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது ஷிப்னாவுக்கு, வரவில்லை.

கிளிப்பைத் தானே கழற்றி ரெங்கம்மா நீட்டியபோதுதான் அந்த விரல்களைப் பார்த்தாள். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள், அது எல்லோருக்கும் உள்ளதுதான், ஆனால் நுனி… நுனிகள் உருண்டு தடித்திருந்தன, தப்பு அடிக்கும் குச்சியின் தலையைப் போல, நகங்கள் மேலே புடைத்துக் கிளிமூக்காய் வளைந்திருந்தன. கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பத்து விரலும் அப்படியே. இழுப்பு நோய்க்கு விரல் இப்படி ஆகாது, அது அவளுக்குத் தெரியும், டொக்டராக இருக்க வேண்டியதில்லை, ஒன்பது வருடம் இந்த வாசலில் கை பார்த்தவளுக்குத் தெரியும். “இது எவ்வளவு நாளாம்மா இப்படி?” “எதுங்க?” “நகம்.” ரெங்கம்மா தன் கையை வேறு யாருடையதோ போலப் பார்த்தாள், “வயசானா இப்படித்தானேங்க” என்றாள். ஷிப்னா இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தாள், வாங்கில் இருந்த இருபத்தாறு பேரும் எங்கோ தூரத்துக்குப் போனார்கள். “ஊதக்குள்ள எங்கயாச்சும் நோகுதா?” ரெங்கம்மா மகளைப் பார்த்தாள், பிறகு வலது தோளுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனாள், “முழுசா ஊதுனா இங்க குத்துதுங்க, கம்பியால குத்துறாப்புல. அதான் பயந்து விட்டுர்றேன்.” “அத ஏன் சொல்லல்ல?” “நீங்க கேக்கலீங்களே மிஸ்.”

கேட்கவில்லை. உண்மைதான், கேட்கவில்லை… ஆனால் கேட்க வேண்டியது ஒன்றைக் கேட்டாள், கேட்டாளா, காலையில் முதல் வேலையாகக் கேட்பது, ப்ரஷர் இருக்கா கண் ஒப்பரேஷன் செய்ததா மாரடைப்பு வந்ததா ரத்தம் கித்தம் துப்பினதா, ஒரே மூச்சில், மார்க்கட் பஸ் நடத்துநர் ஊர்ப் பெயர் சொல்வதைப் போல, எல்லோரும் எல்லாவற்றுக்கும் இல்லீங்க என்பார்கள், அவள் சரி போடுவாள். இப்போது ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். “சளியோட ரத்தம் வருதா?” “தெரியலீங்க.” “தெரியாம எப்படி?” இதற்கு மகள்தான் வாசலிலிருந்து பதில் சொன்னாள், “அம்மா எந்நேரமும் வெத்தல போடுறவங்க மிஸ், துப்புறது எல்லாம் செவப்புத்தான், அதுல எத ரத்தம்னு பாக்குறது.” ரெங்கம்மா மெல்ல, யாரையும் பார்க்காமல் சொன்னாள், “மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி எட்டு நாளு வெத்தல போடலீங்க. அப்பவும் செவப்பாத்தான் வந்துச்சு.” யா அல்லாஹ். திருவிழா போய் எவ்வளவு காலம், இத்தனை நாள் இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு மலை ஏறி இறங்கியிருக்கிறாள், மகளுக்கும் சொல்லாமல், கலாராணி வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் தெரிகிறது அவளும் இப்போதுதான் கேட்கிறாள் என்று… இரத்தம் துப்புகிறவர்களை ஊதவே விடக்கூடாது, கையேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது, ஷிப்னா ஐந்து தடவை ஊத வைத்திருக்கிறாள், விடாதீங்க விடாதீங்க என்று கத்தி. நல்லவேளை, அந்த அம்மா சொல் கேட்கவில்லை.

குழாயைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு ரெங்கம்மாவின் கோப்பைப் புரட்டினாள், பழைய மருந்துச் சீட்டுகள், தோட்டத்து மருந்தகம் கொடுத்த, மருந்து இழுக்கும் பம்ப், இழுப்பு இழுப்பு இழுப்பு என்று மூன்று வருடமாக ஒரே சொல், கடைசியில் மடித்து வைத்த ஒரு மூச்சுப் பரிசோதனைத் தாள்… இங்கே எடுத்ததுதான், எட்டு மாதத்துக்கு முந்திய திகதி. அதே கோடு, ஏறி, இரண்டாவது விநாடியில் அறுந்து. அதற்குக் கீழே நீல மையில் இரண்டே ஆங்கிலச் சொல், தமிழில் சொன்னால் முயற்சி போதாது, அடுத்த வரியில் மூன்று மாதத்தில் திரும்பச் செய்க, கீழே ஒப்பம். அவளுடைய ஒப்பம். ஷி எழுத்தின் மேல் வளைவை எப்போதும் நீட்டி இழுப்பாள், நீட்டி இழுத்திருக்கிறது. முகம் நினைவுக்கு வருகிறதா என்று தேடினாள், வரவில்லை, ஒரு துளியும் வரவில்லை, அன்றைக்கும் இந்த முக்காலியில்தான் இருந்திருப்பாள், அன்றைக்கும் தோளில் குத்தியிருக்கும், அன்றைக்கும் வெளியே இருபத்தாறு பேர் இருந்திருப்பார்கள்… மூன்று மாதத்தில் ஏன் வரவில்லை என்று கேட்டாள், எங்கேயாவது ஒரு ஓரம் இவர்கள் பக்கம் பிழை இருக்காதா என்ற ஆசையில்தான் கேட்டாள். வந்தார்கள். அன்றைக்கு இயந்திரம் பழுது என்று வாசலில் காகிதம் ஒட்டியிருந்தது. அடுத்த திகதிக்கு முதல் நாள் மழையில் மண் சரிந்து பாதை மூடிவிட்டது, பசறை வரைக்கும் வர வழியில்லை, லயத்துக்கும் ஆபத்து என்று கோவில் மண்டபத்தில் தங்க வைத்தார்கள், அங்கேயும் இருமல், பக்கத்தில் படுத்தவர்கள் முகம் சுளித்தார்கள், அம்மா வெளியே வாசலில் போய்ப் படுத்தாங்க என்றாள் கலாராணி. ஷிப்னாவுக்குக் கேட்கக் கேட்க யார் மேலோ ஆத்திரம் பொங்கியது, மழை மேலா, பழுதான இயந்திரத்தின் மேலா, பம்பைக் கொடுத்துக்கொண்டே இருந்தவர்கள் மேலா… யாரை எடுத்தாலும் கடைசியில் அந்த நீல மையில் வந்து நின்றது.

இதே இரண்டு சொல்லை எத்தனை பேருக்கு எழுதியிருப்பாள். ஒரு கிளினிக்குக்கு ஒன்றோ இரண்டோ, ஒன்பது வருடம்… வேண்டாம், இப்போது வேண்டாம், இப்போது இந்த ஒருத்தி. டொக்டரிடம் போக வேண்டும், ஆனால் போவதென்றாலே கால் தயங்குகிறது, முன்னர் இருந்த பெரிய டொக்டரிடம் ஒரு கிழவரைப் பற்றிச் சொல்லப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது, உங்க வேலை ஊத வைக்கிறது, நோய் கண்டுபிடிக்கிறது என்னுடைய வேலை, நோயாளி இருக்கும்போதே சொன்னார். அன்றோடு வாயை மூடிக்கொண்டாள். வாயை மூடுவது எவ்வளவு சுகமாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும், யார் என்ன துப்பினால் எனக்கென்ன, என்னுடைய கோடு சரியா, அவ்வளவுதான்… இப்போது இருக்கும் டொக்டர் முன்ஸிப் வந்து நாலு மாதம், தன்னைவிட வயது குறைந்தவர், எப்படிப்பட்டவர் என்று இன்னும் பிடிபடவில்லை. ரெங்கம்மாவைக் கையோடு எழுப்பிக்கொண்டு, வரிசையில் நின்றவர்களின் முறைப்பைப் பார்க்காமல், கதவைத் தட்டாமலே திறந்தாள். “டொக்டர், இவங்கள நான் ஊத வைக்க மாட்டேன். விரலப் பாருங்க. சளியில ரத்தம், வலது தோளுக்குப் பின்னால குத்து. இப்பவே படம் எடுக்கணும்.” எடுக்கணும் என்றா சொன்னோம், எடுத்தால் நல்லது என்றல்லவா சொல்ல நினைத்தோம். டொக்டர் முன்ஸிப் பேனாவை வைத்துவிட்டு ரெங்கம்மாவின் கையை வாங்கிப் பார்த்தார், கழுத்துப் பள்ளத்தில் விரல் வைத்து அழுத்தினார், முதுகில் தட்டிக் கேட்டார், படத்துக்குச் சீட்டு எழுதினார். அவர் ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது, இவ்வளவு இலகுவா, ஒரு கதவு திறக்கும் தூரமா, இதைத்தானா எட்டு மாதத்துக்கு முன் செய்யவில்லை…

படம் வரும் வரைக்கும் மற்றவர்களை ஊத வைத்தாள், ஒவ்வொருவரிடமும் நோகுதா, எங்கே நோகுது, சளியில் என்ன நிறம் என்று கேட்டுக் கேட்டு வரிசை நகரவேயில்லை, பின்னால் யாரோ இன்னைக்கி மிஸ்ஸுக்கு என்னாச்சு என்றார்கள். பதினொன்றரைக்கு டொக்டர் கூப்பிட்டார். வெளிச்சப் பெட்டியில் ரெங்கம்மாவின் நெஞ்சு, விலா எலும்புகள் வரிசையாய், வலது பக்கம் மேலே காறை எலும்புக்குக் கீழே வெள்ளையாக ஒன்று, ஓரமெல்லாம் பிய்ந்த பஞ்சைப் போல, ஒரு தேசிக்காய் அளவு இருக்கும். “இது வெறும் இழுப்பில்லம்மா” என்று டொக்டர் நிதானமாகச் சொன்னார், “நுரையீரல்ல ஒரு கட்டி மாதிரித் தெரியுது. ஸ்கேன் எடுத்து, ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பார்த்தாத்தான் என்ன கட்டியெண்டு சொல்லலாம். சயரோகமா எண்டும் பார்க்கணும், இண்டைக்கே சளி குடுத்துட்டுப் போங்க.” கலாராணி கேட்டாள், “கேன்சருங்களா டொக்டர்?” அவர் மறைக்கவில்லை, “இருக்கலாம், தங்கச்சி. அதுக்குத்தான் அவசரப்படுறேன்.” போனை எடுத்துப் பெரியாஸ்பத்திரியில் தெரிந்தவர்களிடம் பேசினார், கெஞ்சாத குறை, அடுத்த புதனுக்கு ஸ்கேன் என்று வாங்கினார். பிறகு போனை வைத்துவிட்டு, கோபத்தில் அல்ல, அந்தக் கேள்வியை எல்லா டொக்டர்களும் கேட்பதைப் போலக் கேட்டார், “ஏம்மா இவ்வளவு பிந்தி வந்தீங்க? முந்தியே வந்திருக்கலாமே.”

கோப்பு மேசையில் கிடந்தது. ஷிப்னா அதைப் பார்த்தாள், ரெங்கம்மா ஷிப்னாவைப் பார்த்தாள், ஒரு கணம்தான், பிறகு சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னாள், “வந்தேங்க ஐயா. எனக்குத்தான் ஊதத் தெரியாமப் போச்சுங்க. மிஸ்ஸு எவ்வளவோ சொல்லிக் குடுத்தாங்க.” சொல்லாதீங்க, அப்படிச் சொல்லாதீங்க… “டொக்டர்” என்றாள், பழைய தாளை உருவி அவர் முன்னால் வைத்தாள், “எட்டு மாசத்துக்கு முந்தி வந்தவங்க. நான்தான் இத எழுதினது. நோவால விட்டாங்க, நான் சோம்பல் எண்டு நினைச்சிட்டேன்.” அவர் வாசித்தார். ஏதாவது சொல்வார் என்று நின்றாள், ஏசுவார், விசாரணை என்பார், கடிதம் கேட்பார். “எல்லாரும் இதத்தான் எழுதுறது, ஷிப்னா” என்றார், களைத்த குரலில், “நானும் எழுதியிருக்கேன். இனி எழுதுறதுக்கு முந்தி என்னட்ட அனுப்புங்க.” தாளைத் திரும்பக் கோப்புக்குள் வைத்து மூடினார், அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். அவ்வளவுதானா? எல்லாரும் எழுதுவதென்றால் அது யாருடையதும் இல்லையா… கன்னத்தில் ஒரு அறை விழுந்திருந்தால்கூட எங்கே வலிக்கிறது என்று தெரிந்திருக்கும்.

ஒன்றேகால் பஸ்ஸுக்கு அவர்கள் புறப்பட்டபோது வேலையை விட்டுவிட்டு வாசல் வரைக்கும் கூடப் போனாள், புதன்கிழமை எங்கே வந்து எந்தக் கதவில் நிற்க வேண்டும் என்பதைக் கலாராணிக்கு இரண்டு தரம் சொன்னாள், தன் நம்பரையும் எழுதிக் கொடுத்தாள், வெறும் வயிற்றோடு வாங்க, இண்டைக்கு எடுத்த படத்தையும் கொண்டு வாங்க, இனி பேச ஒன்றும் இல்லை என்றாகும் வரைக்கும் பேசினாள். கலாராணி தண்ணீர்ப் போத்தல் வாங்கக் கடைக்குப் போனாள். ரெங்கம்மா மதிலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள், பள்ளத்தில் நகரம் வெயிலில் கிடந்தது, அதற்கு அப்பால் மலை, மலைக்கு மேல் மலை. இப்போது சொல்ல வேண்டும், டொக்டருக்கு அல்ல, இவளுக்கு… “அம்மா, நான் எழுதினது பிழை. அது உங்கட பிழையில்ல, என்ட பிழை.” ரெங்கம்மா அவள் கையைப் பிடித்தாள், அந்த உருண்ட விரல்களால், “என்னங்க பெழ? நீங்க இன்னைக்கி அந்த ஃபாரத்துல எழுதுனதுனாலதானே மிஸ் படம் புடிச்சாங்க. இல்லாட்டி திரும்பியும் பம்பத்தான் குடுத்து அனுப்பியிருப்பாங்க. நல்லா இருப்பீங்க தாயி, புள்ள குட்டியோட நல்லா இருப்பீங்க.” இல்லை, இன்றைக்கு எழுதியதை அல்ல, அன்றைக்கு, அந்த… ஷிப்னா வாயைத் திறந்தாள், கலாராணி போத்தலோடு ஓடி வந்தாள், பஸ் வருதும்மா, வாங்க வாங்க, தாயும் மகளும் கைகோத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார்கள், இடையில் ஒரு தரம் ரெங்கம்மா நின்று மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள், அவளும் ஆட்டினாள். உள்ளே இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள். போக வேண்டும். புதன்கிழமை திரும்பச் சொல்லலாம், ஸ்கேனுக்கு வருவார்கள், அங்கே போய் நின்று, இந்த முறை திகதியோடு, தாளைக் காட்டி, விளங்கும்படியாக… சொல்வோமா? சொன்னால் யாருக்குப் பாரம் இறங்கும், அவளுக்கா தனக்கா? மதிலில் சாய்ந்து நின்றபோதுதான் ஷிப்னா கவனித்தாள், அந்த அம்மா பிழையாக விளங்கிக்கொண்டு வாழ்த்தத் தொடங்கிய அந்த நொடியில், தன் நெஞ்சுக்குள் காலையிலிருந்து இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று மெல்லத் தளர்ந்து, வெகு சுலபமாக, முழுசாக, மூச்சு வந்திருந்தது.